கல்யாணத்தில் முடியும் துஆ: இஸ்லாமியக் காதல் நாவல்கள் ஈமானுக்குள் என்ன செய்கின்றன?

இஸ்திகாரா, அதாவது ஒரு முடிவெடுக்கும் முன் நல்லதைக் காட்டித் தரும்படி அல்லாஹ்விடம் கேட்கும் தொழுகை, தொழுதால் கனவு வரும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு நாவல். அதன் நாயகி இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுப் படுக்கிறாள். கனவில் ஒரு தோட்டம், ஒரு கதவு, கதவருகே முகம் தெரியாத ஒருவர். மறுநாளே அவளைப் பெண் கேட்டு ஆள் வருகிறது. அதைப் படித்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எனக்கும் அப்போது ஒரு வரன் வந்திருந்தது. ஏழு இரவு தொழுதேன். எதுவும் தெரியவில்லை. அல்லாஹ் எனக்குப் பதில் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வருத்தம் நெடுநாள் மனதில் கிடந்தது.

ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இஸ்திகாரா ஹதீஸை, அதாவது நபிமொழியை, புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் முழுதாகப் படித்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். அதில் கனவு என்ற பேச்சே இல்லை. இந்தக் காரியம் என் மார்க்கத்துக்கும் வாழ்வுக்கும் நல்லதென்றால் எளிதாக்கு, கெட்டதென்றால் அதை என்னைவிட்டுத் திருப்பு, என்னையும் அதைவிட்டுத் திருப்பு, நன்மை எங்கே இருந்தாலும் அதை எனக்கு விதித்துவிடு, அதில் என்னைத் திருப்தியடையச் செய். அந்த துஆவின், அதாவது வேண்டுதலின், சாரம் அவ்வளவுதான். அது அடையாளம் எதையும் கேட்கவில்லை. நடப்பது எதுவானாலும் அதை ஏற்கிற மனதைக் கேட்கிறது. கனவு வரும் என்ற நம்பிக்கை நாவல்களுக்கு முன்பே மக்களிடம் இருந்ததுதான். ஆனால் அதற்கு ஒரு தோட்டமும் கதவும் கட்டி எனக்குள் குடியேற்றியது அந்தக் கதை.

இஸ்லாமியக் காதல் நாவல்களால் வாசகரின் ஈமானுக்கு, அதாவது இறைநம்பிக்கைக்கு, நல்லதா கெட்டதா என்ற விவாதத்தில் இந்த மாதிரி விஷயங்கள் பேசப்படுவதே இல்லை. ஒரு தரப்பு, காதல் கதை என்றாலே மனதைக் கெடுக்கும் என்கிறது. இன்னொரு தரப்பு, இதில் முத்தம் இல்லை, தனிமைச் சந்திப்பு இல்லை, எல்லாம் நிக்காஹுக்குப் பிறகுதான், ஆகவே இது தஃவா, அதாவது மார்க்க அழைப்புப் பணி, என்கிறது. எதிரெதிராக நின்றாலும் இருவர் கையிலும் இருப்பது ஒரே அளவுகோல்: கதாபாத்திரங்கள் தொட்டுக்கொண்டார்களா இல்லையா? எனக்கோ அதைவிடப் பெரிய கேள்வி வேறொன்று. தொழுகிறவளுக்கும் பொறுத்துக்கொள்கிறவளுக்கும் துஆ கேட்கிறவளுக்கும் கதை கடைசியில் எதைக் கொடுக்கிறது? வாசகர் அல்லாஹ்விடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதை, பள்ளிவாசலில் கேட்கும் குத்பா பிரசங்கத்தைவிட ஆழமாக, அந்த முடிவுதான் சொல்லிக்கொடுக்கிறது.

தொடுதலை வைத்து அளப்பது உதவாது என்பதற்கு ஓர் எளிய காரணமும் உண்டு. சாதாரணக் காதல் நாவலில் காதலர்களுக்கு நடுவே பணமோ, குடும்பப் பகையோ, தவறான புரிதலோ தடையாக நிற்கும். இங்கே தடையாக நிற்பது மார்க்க வரம்பு. பார்வையைத் தாழ்த்து, தனியாக இருக்காதே, வலியின், அதாவது பெண்ணின் பொறுப்பாளரின், சம்மதம் வேண்டும். கதையின் விறுவிறுப்பு முழுக்க இந்த வரம்புகளிலிருந்துதான் வருகிறது. படிக்கட்டில் எதிரே வரும் நாயகன் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொள்ளும் ஒரு வரி, பக்கம் பக்கமான வர்ணனையைவிட மனதை அதிகம் அசைக்கும். இதை வாசித்தவர்களுக்குத் தெரியும். தொடாமல் எழுதினால் ஆசை கிளராது என்பது வாசிக்காதவர்களின் நம்பிக்கை.

சரி, இந்த வகை எங்கிருந்து வந்தது? ஒரே ஊற்று என்று சொல்ல முடியாது. துருக்கியில் இதற்கு 'ஹிதாயத் நாவல்' என்றே பெயர், அதாவது நேர்வழி பெறும் கதை. ஷூலே யூக்செல் ஷென்லெர் என்ற பத்திரிகையாளர் எழுதி 1970இல் புத்தகமான நாவல் அதில் பேர்பெற்றது. 'அமைதித் தெரு' என்பது அதன் பெயரின் பொருள். மேற்கத்திய வாழ்க்கை வாழும் பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி, மார்க்கப்பற்றுள்ள ஏழை மாணவன் ஒருவனைச் சந்தித்து மனம் மாறுகிறாள். அந்த ஆண்டே அது திரைப்படமும் ஆனது. அரசும் பல்கலைக்கழகமும் முக்காட்டைப் பிற்போக்கு என்று பார்த்த காலம் அது. அப்போது ஒரு பெண், முக்காட்டோடு நாயகியாக நிற்க முடியும் என்று காட்டியதற்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்பதை இன்று எடை போடுவது கடினம்.

இந்தோனேசியாவில் அலை பின்னால் வந்தது. 1997இல் இளம் முஸ்லிம் எழுத்தாளர்கள், அதிலும் பெண்கள் முன்னின்று, 'ஃபோரம் லிங்கார் பெனா' என்ற எழுத்து வட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்கு அடுத்த ஆண்டு சுஹார்த்தோ ஆட்சி விழுந்தது, பதிப்புலகம் திறந்துகொண்டது. 2004இல் அல் அஸ்ஹரில் படித்தவரான ஹபிபுர்ரஹ்மான் எல் ஷிராஸி 'ஆயத் ஆயத் சிந்தா', அதாவது 'காதலின் வசனங்கள்', என்ற நாவலை வெளியிட்டார். கெய்ரோவில் படிக்கும் இந்தோனேசிய மாணவன் ஃபஹ்ரி அதன் நாயகன். 2008இல் வந்த திரைப்படத்தை 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அதன்பின் முகத்திரைக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரியும் அட்டைப்படங்கள் புத்தகக் கடைகளில் குவிந்தன. பாகிஸ்தானில் மாத இதழ்களின் தொடர்கதை மரபிலிருந்து உமேரா அஹ்மதும் நிம்ரா அஹ்மதும் வந்தார்கள். பின்னர் இணையக் கதைத் தளங்கள் வந்ததும் எழுதுகிறவர், படிக்கிறவர் என்ற வேறுபாடே மெலிந்துவிட்டது. பதினேழு வயதுப் பெண் இரவில் ஓர் அத்தியாயம் ஏற்றினால், காலையில் அதைப் படிக்க வாசகர்கள் காத்திருக்கிறார்கள்.

வடக்கு நைஜீரியாவின் கானோ நகரக் கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் 'ஒழுக்கம் கெடுகிறது' என்ற வாதம் தீக்குச்சி வரை போனது. 1980களிலிருந்து அங்கே ஹவுசா மொழியில் பெண்கள் 'சொயய்யா', அதாவது காதல், புத்தகங்களை எழுதித் தாங்களே அச்சிட்டுச் சந்தையில் விற்றார்கள். அவர்களில் முக்கியமானவர் பலராபா ரமத் யாகூபு. சிறுமியாக இருந்தபோதே அவருக்குக் கட்டாயத் திருமணம் நடந்தது, அது முறிந்தது. எழுதப் படிக்க அவர் கற்றது முதியோர் கல்வி வகுப்பில். அவரைப் போன்றவர்களின் கதைகளில் கட்டாயக் கல்யாணமும் பலதார வீட்டின் அநீதியும் பெண்ணுக்குப் படிப்பு மறுக்கப்படுவதும் திரும்பத் திரும்ப வந்தன. 2007இல் மாநில ஆளுநர் இப்ராஹிம் ஷெகராவ் ஒரு பெண்கள் பள்ளியில் இந்தப் புத்தகங்களைக் குவித்துத் தீ வைத்தார். இவை மார்க்கத்துக்கும் பண்பாட்டுக்கும் விரோதம் என்பது குற்றச்சாட்டு. எழுதியவர்களோ, நாங்கள் செய்வது நல்லுபதேசம் என்றார்கள்.

யார் சொன்னது சரி? ஹன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்ற பெண்மணியை அவருடைய தந்தை அவர் விரும்பாத இடத்தில் மணமுடித்து வைத்தார். அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். அந்தத் திருமணம் ரத்தானது. இதுவும் புகாரியில் இருக்கிறது. அப்படியிருக்க, கட்டாயக் கல்யாணத்தை எதிர்க்கும் கதையை மார்க்க விரோதம் என்று எரிப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. வீட்டு வழக்கத்தையும் மார்க்கத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்ட இடங்களில், இந்த நாவல்கள் இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கின்றன. மணமகன் மணப்பெண்ணுக்குத் தரும் மஹர் தன்னுடைய சொத்து, அப்பாவினுடையது அல்ல என்பதை ஒரு நாவலில்தான் முதன்முதலில் படித்ததாக என்னிடம் சொன்னவர்கள் உண்டு. மணப்பெண்ணிடம் கேட்கும் சம்மதம் வெறும் சடங்கு அல்ல, அவள் 'இல்லை' என்றால் கல்யாணம் இல்லை என்பதையும் அப்படித்தான் பலர் அறிந்திருக்கிறார்கள். இது சிறிய லாபம் இல்லை.

இன்னொரு லாபத்தையும் சொல்ல வேண்டும். ஆசை என்பதே அழுக்கு என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு, 'உங்களுக்கிடையே அன்பையும் கருணையையும் ஏற்படுத்தினான்' என்ற குர்ஆனின் ரூம் சூராவின் (அத்தியாயத்தின்) 21ஆம் வசனம் காதில் விழுந்திருக்கும், தனக்காகச் சொல்லப்பட்டதாகத் தோன்றியிருக்காது. கதை அதைத் தோன்றவைக்கிறது. நம் அறிஞர்கள் இதைப் பேசக் கூச்சப்பட்டவர்களும் அல்லர். குர்துபாவின் இப்னு ஹஸ்ம் கண்டிப்பான சட்ட அறிஞர்; அவர்தான் சுமார் 1022இல் காதலின் அறிகுறிகளையும் துன்பங்களையும் பற்றி 'புறாவின் கழுத்துவளையம்' என்ற நூலை எழுதினார். காதலைப் பற்றி எழுதுவதே மார்க்கத்துக்குப் புறம்பு என்ற எண்ணம் அவர்களிடமிருந்து வந்ததல்ல.

இனி எனக்குக் கவலை தரும் பக்கம். கதை எப்படி மனதில் வேலை செய்கிறது என்பதை உளவியலாளர்கள் மெலனி கிரீனும் டிமோத்தி பிராக்கும் 2000இல் ஆராய்ந்து எழுதினார்கள். ஒரு கதைக்குள் எவ்வளவு ஆழமாக மூழ்குகிறோமோ, அவ்வளவுக்கு அந்தக் கதையோடு ஒத்துப்போகும் எண்ணங்கள் நமக்குள் வலுக்கின்றன, அவ்வளவுக்கு அதில் குறை தேடுவதும் குறைகிறது. மார்க்கச் சொற்பொழிவான பயானைக் கேட்கும்போது நாம் ஆதாரம் கேட்போம். நாவலிடம் யார் ஆதாரம் கேட்கிறார்கள்? அதிலும் நாயகியின் உதட்டில் குர்ஆன் வசனம் இருக்கும்போது, வசனத்தின் கண்ணியம் அதைச் சுற்றியுள்ள கற்பனைக்கும் ஒட்டிக்கொள்கிறது. அல்லாஹ் சொன்னது எது, கதாசிரியர் கட்டியது எது என்ற கோடு மங்குகிறது. என் இஸ்திகாராவுக்கு நடந்தது அதுதான்.

வாசகர்கள் களிமண் இல்லை என்பதும் உண்மை. அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட நூலுக்காகக் காதல் நாவல் வாசிக்கும் பெண்களோடு பேசியபோது, வாசிப்பதே தங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் நேரம் என்று அவர்கள் சொன்னார்கள். எல்லோரையும் கவனித்துக்கொள்ளும் ஒருத்தி, தன்னை யாரோ கவனித்துக்கொள்ளும் கதைக்குள் ஒரு மணி நேரம் போய் வருகிறாள். முஸ்லிம் வாசகிக்கும் அது பொருந்தும். அவள் எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிடுகிறாள் என்று சொல்வது அவளை அவமதிப்பது. ஆனாலும் ஒரே முடிவு நூறு கதைகளில் வந்தால் அது கதையாகத் தெரியாது. உலக நடப்பாகத் தெரியத் தொடங்கும்.

அந்த முடிவு என்ன? பின்னிரவுத் தொழுகையான தஹஜ்ஜுத் தொழுதாள், கணவன் கிடைத்தான். முக்காடு போட்டாள், அவளை மதிக்கும் ஒருவன் தேடி வந்தான். ஹராமான உறவை விட்டாள், அதே ஆள் ஹலாலாகத் திரும்பி வந்தான். இபாதத்துக்கு, அதாவது வணக்கத்துக்கு, கூலி கதைக்குள்ளேயே, பெரும்பாலும் கடைசி அத்தியாயத்திலேயே பட்டுவாடா ஆகிவிடுகிறது. ஆகிரத் என்ற மறுமை பெயருக்குத்தான் இருக்கிறது. இதைப் படித்து வளர்ந்தவள் முப்பது வயதில் கல்யாணம் ஆகாமல் தொழுதுகொண்டிருக்கும்போது, தன் தொழுகையில் ஏதோ குறை என்று நினைக்கிறாள். வரன் தட்டிப்போன ஒவ்வொரு முறையும் அவள் சந்தேகப்படுவது தன் ஈமானை. இப்படி உடைந்துபோன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். காதல் நாவல் அவர்களை வழிகெடுக்கவில்லை, மார்க்கத்தை விட்டு அவர்கள் எங்கும் போய்விடவும் இல்லை. அல்லாஹ் தங்களை நேசிக்கவில்லை என்று முடிவுகட்டிக்கொண்டார்கள். தொட்டார்களா இல்லையா என்று எண்ணும் எந்த விமர்சகரும் இந்தக் காயத்தைப் பார்க்க மாட்டார்.

இணையத்தில் அதிகம் படிக்கப்படும் ஒரு வார்ப்பும் உண்டு: நிச்சயித்த கல்யாணம், கோபக்காரக் கணவன், வாய் திறக்காத மனைவி. அவன் கத்துவான், புறக்கணிப்பான், சில கதைகளில் கையும் நீளும். அவள் சப்ர் செய்வாள், அதாவது பொறுத்துக்கொள்வாள், துஆ கேட்பாள், முப்பதாவது அத்தியாயத்தில் அவன் அழுதுகொண்டே திருந்துவான். சப்ர் என்ற பெரிய சொல்லை இதைவிட மோசமாகச் செலவழிக்க முடியுமா தெரியவில்லை. ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி நபியவர்களிடம் வந்து, அவருடைய குணத்திலோ மார்க்கத்திலோ நான் குறை சொல்லவில்லை, ஆனால் அவரோடு என்னால் வாழ முடியாது என்ற பொருளில் சொன்னார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதமா என்று நபியவர்கள் கேட்டு, சம்மதம் என்றதும் பிரித்துவைத்தார்கள். அடி இல்லை, திட்டு இல்லை, வாழ முடியவில்லை என்பதே போதுமாக இருந்தது. மனைவி கேட்டுப் பெறும் அந்த மணவிலக்குக்கு, அதாவது குலாவுக்கு, இந்தக் கதைகளில் இடமே கிடைப்பதில்லை.

நாயகன் பக்கமும் சும்மா விடக்கூடியதில்லை. ஃபஹ்ரி குர்ஆனை அழகாக ஓதுவான், பல மொழி பேசுவான், யாரிடமும் கோபப்பட மாட்டான், நான்கு பெண்கள் அவனை விரும்புவார்கள். உமேரா அஹ்மதின் 'பீரே காமில்' நாவலின் சாலார் 150க்கு மேல் ஐக்யூ உள்ள பணக்கார இளைஞன், பின்னாளில் குர்ஆன் முழுவதையும் மனனம் செய்த ஹாஃபிஸ். மார்க்கப்பற்று என்றால் இவ்வளவும் சேர்ந்துதான் வரும் என்று பழகிய கண்ணுக்கு, ஐந்து வேளை தொழுது, நேர்மையாகச் சம்பாதித்து, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிவைக்கிற சாதாரண மனிதன் தெரிவதில்லை.

மற்ற நம்பிக்கைக்காரர்களை இந்தக் கதைகள் நடத்தும் விதமும் வாசகரின் விழுமியத்தில் படிகிறது. 'ஆயத் ஆயத் சிந்தா'வின் மரியா ஒரு காப்டிக் கிறிஸ்தவப் பெண். குர்ஆனின் மரியம் சூராவை மனப்பாடமாக ஓதுகிறவள். அருமையான பாத்திரம். ஆனால் கதை அவளை ஃபஹ்ரியின் இரண்டாவது மனைவியாக்கி, இஸ்லாத்தை ஏற்கும் கலிமாவைச் சொல்லவைத்து, மரணத்துக்குக் கொண்டுபோகிறது. 'பீரே காமில்' நாயகி பிறந்தது, மற்ற முஸ்லிம்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களாக ஏற்காத அஹ்மதியா பிரிவுக் குடும்பத்தில்; அந்த வீட்டை விட்டு வெளியேறுவதுதான் கதையின் உந்துவிசை. மாற்று நம்பிக்கை கொண்டவர் நல்லவராக இருந்தால் அவர் கடைசியில் நம் பக்கம் வந்தாக வேண்டும் என்ற ஒரே வழியில் பழகிய வாசகர், அப்படி வராத அண்டை வீட்டுக்காரரை என்ன செய்வார்? அவரை அவராகவே மதிக்கக் கதை அவருக்குப் பழக்கம் தரவில்லை.

துருக்கியில் நடந்தது இந்த விஷயத்தில் நிறைய சொல்கிறது. சமூகவியலாளர் கெனான் சாயிர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு காலத்து நாவல்களை ஒப்பிடுகிறார். 1980களின் ஹிதாயத் நாவல்களில் மார்க்கப்பற்றுள்ள நாயகனுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. எல்லாக் கேள்விக்கும் அவனிடம் விடை உண்டு. 1990களில் அதே சமூகத்திலிருந்து வந்த எழுத்தாளர்கள் வேறு மாதிரி எழுதினார்கள். மார்க்கத்தோடு இருக்கிறார்கள், ஆனால் தடுமாறுகிறார்கள், தங்களையே கேள்வி கேட்கிறார்கள், கொள்கை பேசிய ஆண்கள் வீட்டுக்குள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பெண்கள் எழுதுகிறார்கள். என் பார்வையில் அது ஈமான் குறைந்ததன் அடையாளம் இல்லை. முந்தைய கதைகள் முடிந்த இடத்திற்குப் பிறகும் வாழ்க்கை இருந்தது, அதையும் தொழுதுகொண்டே எழுத முடிந்தது.

துஆவைப் பற்றி நான் படித்த காதல் நாவல்களில் மிகக் கூர்மையானது சூடானிய எழுத்தாளர் லைலா அபூலேலா 1999இல் எழுதிய 'மொழிபெயர்ப்பாளர்'. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் தனியே வாழும் சூடானிய விதவை சமர், தான் வேலை பார்க்கும் பேராசிரியர் ரேயை விரும்புகிறாள். அவர் முஸ்லிம் இல்லை. அவர் முஸ்லிமாக வேண்டும் என்று துஆ கேட்கிறாள், அவரிடமே கெஞ்சுகிறாள், மனம் உடைந்து கார்ட்டூமுக்குத் திரும்புகிறாள். அங்கேதான் அவளுக்கு உறைக்கிறது: அவள் கேட்டதெல்லாம் தனக்காக. அவருக்காக ஒரு துஆவும் கேட்கவில்லை. அதன்பின் அவரைத் தனக்குத் தா என்று கேட்பதை நிறுத்திவிட்டு, அவர் நலத்துக்காக மட்டும் கேட்கத் தொடங்குகிறாள். அந்த நாவலும் கல்யாணத்தில்தான் முடிகிறது, உண்மைதான். ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு முன் துஆ திருத்தப்பட்டுவிட்டது. 2005இல் அவர் எழுதிய 'மினாரெட்' இன்னும் ஒரு படி போகிறது. நஜ்வா தன்னைவிட இளையவனான தாமிரை விட்டுக்கொடுக்கிறாள். அவள் கையில் மிஞ்சுவது ஹஜ்ஜுக்குப் போகும் பணம். அவள் மார்க்கத்துக்குத் திரும்பியதற்குக் கதை எந்தக் கணவனையும் பரிசாகத் தரவில்லை, அவள் ஈமானும் அதனால் சரியவில்லை.

கல்யாணத்தில்தான் முடிக்க வேண்டும் என்ற இந்த அவசரம் புதிதும் அல்ல. யூசுஃப் (அலை) வரலாற்றை குர்ஆன் 'கதைகளில் மிக அழகானது' என்று சொல்லித் தொடங்குகிறது. அதில் யூசுஃபின் எஜமானருடைய மனைவி அவர்மேல் ஆசைப்படுகிறாள், பொய் சொல்கிறாள், பிறகு உண்மையை ஒப்புக்கொள்கிறாள். அதோடு அவள் பேச்சு முடிந்துவிடுகிறது. அவளுக்கு ஸுலைகா என்ற பெயரும் குர்ஆனில் இல்லை, கல்யாணமும் இல்லை. இரண்டையும் சேர்த்தது பிற்காலக் கதைமரபு. 1483இல் ஜாமி பாடிய பாரசீகக் காப்பியத்தில் அவள் முதுமையடைந்து, பார்வையிழந்து, மீண்டும் இளமை பெற்று யூசுஃபை மணக்கிறாள். அழகான காப்பியம்தான். ஆனால் வசனம் நிறுத்திய இடத்தில் நிற்க மனம் வரவில்லை என்பதும் அதில் தெரிகிறது.

ஹதீஸில் ஒரு காதல் கதை இருக்கிறது. பரீரா (ரலி) அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். விடுதலை பெற்றதும், அடிமையாக இருந்த கணவர் முகீஸோடு தொடர்வதா பிரிவதா என்று முடிவெடுக்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. அவர் பிரிவைத் தேர்ந்தெடுத்தார். முகீஸ் அழுதுகொண்டே அவர் பின்னால் சுற்றுவார், கண்ணீர் தாடியில் வழியும். அது இன்னும் என் கண்முன் நிற்கிறது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார். முகீஸுக்கு பரீராவின் மேல் இருக்கும் நேசத்தையும், பரீராவுக்கு முகீஸின் மேல் இருக்கும் வெறுப்பையும் பார்த்து நீங்கள் வியக்கவில்லையா என்று நபி (ஸல்) அவர்கள் அப்பாஸிடம் (ரலி) கேட்டார்கள். பிறகு பரீராவிடமே, நீ அவரிடம் திரும்பிப் போகலாமே என்றார்கள். இது கட்டளையா என்று அவர் கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். 'அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை' என்றார் பரீரா. கதை அங்கேயே நிற்கிறது.